ஒரு மடையும் புது நுட்பமும்

மொழியும் இலக்கியமும் பயிலும் எமக்கு உழவைப்பற்றி எழுத உரிமை யாதென நண்பர் சிலர் நகைக்கக்கூடும். உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், புழுதி காய்தலையும் எருவையும் களையையும் நீரையும் காவலையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிறுத்துப் பார்த்தவராதலின், அந்நூலைப் பயில்வோர் வயலின் பக்கம் செல்லாதிருத்தல்தான் வியப்பு. அன்றியும், எம் வகுப்பிற் பலர் உழவர் குடியிற் பிறந்தோரே.

இந்நாளில் வேளாண்மைப் புதுநுட்பம் என்றவுடன், வானிற் பறந்து மருந்து தெளிக்கும் ட்ரோனும், விலையும் வானிலையும் கூறும் கைப்பேசியுமே யாவர் நினைவிலும் எழுகின்றன. இவை உழவர்க்குப் பயன்படுமோ எனின், பயன்படும் என ஒரு சொல்லில் விடையிறுத்தல் எளிது. எந்நிலத்தில், யார்க்கு, எவ்வாறு கொள்ளின் பயன்படும் என்பதன்றோ ஆராயற்பாலது? மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், ஒருவர் தனித்துக் கொள்ளும் நுட்பம் அரைப்பயனே தரும். சிலபோது அயலார்க்குக் கேடும் தரும். ஒரு மடையில் நீர் பெறுவோர் ஒருங்கே கொள்ளும் நுட்பமே நிலைக்கும் என்பது எம் துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டுக் கூறுவாம்.

இச்சமவெளியின் நெல்வளத்திற் பெரும்பகுதி பொறியியல் தந்த கொடையாகும். மேற்கே ஓடி அரபிக்கடலிற் கலந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய பென்னிகுயிக் துரையின் வேலை 1895-இல் நிறைவேறிற்று. வைகை அணை 1959-இல் முடிந்தது. பேரணையிற் பிரியும் கால்வாய் நீரால் கள்ளந்திரி வரையில் 45,041 ஏக்கர் நிலம் இருபோகம் பெறுகின்றது. மேலூர், திருமங்கலம் பகுதிகளைச் சார்ந்த 1,05,002 ஏக்கர் ஒருபோகமே. முன்னதற்கு ஜூன் திங்களிலும் பின்னதற்குச் செப்டம்பரிலும், அணையில் இருப்பு இருந்தால், நீர் திறப்பது வழக்கம். அந்த 'இருந்தால்' என்னும் சொல்லை நம்பியே கடைமடை உழவர் விதைநெல்லைக் காத்து வைத்திருக்கின்றனர்.

நீர் தட்டுப்பட்ட இவ்வூர்களுக்கு முன்னரும் ஒரு புதுநுட்பம் வந்ததுண்டு. எருதுகளைப் பூட்டிக் கமலையால் நீர் இறைத்த கிணறுகளில், சென்ற நூற்றாண்டின் நடுவிலிருந்து மின்சாரப் பம்புசெட்டு புகுந்தது. உழைப்புக் குறைந்தது; நிலம் விரிந்தது; அது நன்மை என்பதில் ஐயமில்லை. 1990-இல் எல்லா உழவர்க்கும் கட்டணமின்றி மின்சாரம் கிடைத்தது. ஆயின் மதுரை வட்டாரத்து நிலத்தடி பெரும்பாலும் கடும்பாறை; அதன் வெடிப்புகளில் நிற்கும் நீர் அளவுட்பட்டது. ஒருவர் கிணற்றை ஆழமாக்க, அயலார் கிணறு வறண்டது, அவரும் ஆழமாக்கினார், பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. பணமுடையார் இப்போட்டியில் நின்றனர்; இல்லாதார் கடன்பட்டு, துளையிட்ட இடத்திற் புகையும் கல்தூளுமே கண்டனர். நுட்பத்தின்மேற் குறையில்லை. பொதுவாகிய நீரைத் தனிப்பொருள்போல் எடுக்க அது இடந்தந்ததே குறை.

இனி, நெல்லுக்கு வருவோம். மடகாஸ்கர்த் தீவில் ஊழியம் புரிந்த சேசுசபைக் குருவாகிய ஹென்றி தெ லொலானியே என்னும் பிரெஞ்சுக்காரர், 1961 முதல் அந்நாட்டு உழவரோடு வயலில் நின்று கற்றவர். 1983-இல் மழை பிந்தியமையால், நாற்றினைப் பதினைந்தாம் நாளிலேயே பிடுங்கி நட நேர்ந்தது. அழியும் என எண்ணிய அவ்விளநாற்று மிகுதியாகத் தூர்கட்டிச் செழித்தது. அதன் காரணத்தை ஆராய்ந்து அவர் வகுத்த முறையே நம் நாட்டில் 'திருந்திய நெல் சாகுபடி' எனவும், 'ஒற்றை நாற்று நடவு' எனவும் வழங்குவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000 முதல் இதனை ஆய்ந்து நம் நிலத்திற்கு ஏற்பத் திருத்தியது. 'இராசராசன் 1000' என்னும் அரசப்பெயரும் பின்னர் இதற்கு வந்து சேர்ந்தது. பெயர் பெரிதாயினும் செயல் எளிதே.

பழைய முறையில் ஏக்கருக்கு இருபது முப்பது கிலோ விதை தேவை. இதற்கு இரண்டு மூன்று கிலோ போதும். நாற்றங்காலும் ஒரு சென்ட் அளவே. பதினான்கு நாள் நாற்றை, வேரில் ஒட்டிய மண்ணோடும் எடுத்து, குத்துக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசையும் செடிக்குச் செடியும் கால் மீட்டர் இடைவெளி விட்டுச் சதுரமாக நடுதல் வேண்டும். நட்ட பத்தாம் நாள் தொடங்கி, பத்து நாட்கொருமுறை, உருளும் களைக்கருவியை இருபுறமும் ஓட்டினால், களை மண்ணுள் அமிழ்ந்து எருவாகும். வேருக்குக் காற்றும் செல்லும். நீரோ இரண்டரைச் சென்டிமீட்டர் உயரத்திற்கு மேல் நிறுத்தலாகாது. அதுவும் வற்றி, மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றிய பின்னரே மறுபடியும் பாய்ச்சுதல் வேண்டும். நெல் நீரிற் பிழைக்க வல்லதேயன்றி, எந்நேரமும் நீரை விரும்பும் பயிரன்று என்பதே இதன் உட்கருத்து.

இம்முறையால் விளைவு பலமடங்கு பெருகும் எனத் தொடக்கத்திற் கூறியோர் கூற்றினை அறிஞர் பலர் மறுத்துள்ளனர். அப்பெருமொழியை யாமும் ஏற்க விரும்பவில்லை. ஆயின், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விடுதலால் நான்கிலொரு பங்கேனும் நீர் மிஞ்சும் என்பது பல வயல்களிற் கண்ட உண்மை. தலைமடையில் மிஞ்சும் அந்நீரே கடைமடைக்கு ஒரு போகம்.

அங்ஙனமாயின், இத்துணை எளிய நுட்பம் ஏன் எங்கும் பரவவில்லை? மேலூர்ப் பக்கத்து முதியவர் ஒருவரை வினவினோம். "தம்பி, என் வயல் வழியாகத்தான் கீழ்வயலுக்குத் தண்ணீர் போகிறது. நான் காயப்போட்டால் அவனுக்கு எப்படிப் போகும்? இன்றைக்கு வருகிற தண்ணீரை விட்டுவிட்டால் மறுமுறை என்றைக்கு வருமோ?" என்றார். நூல்களிற் பல பக்கம் படித்தும் எமக்குத் தோன்றாத தடை இது. ஏரிப்பாசனத்திலும் கால்வாய்க் கடைப்பகுதியிலும் வயலுக்கு வயல் நீர் வழிந்தோடுவதே பெருவழக்கு. தனிவாய்க்கால் உடைய வயல் சிலவே. முறைவைத்து விடும் நீர் தப்பாது வரும் என்னும் உறுதியும் இல்லை. ஆதலின், கண்டபோதே நீரைத் தேக்கிக்கொள்ளும் உழவரை அறியாதவர் எனப் பழித்தல் தகாது. அவர் செய்வது அந்நிலைக்கேற்ற அறிவுடைமையே.

எந்திரங்களுக்கும் இதுவே நிலை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அஃதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இத்துணைச் சிறுநிலத்துக்கு நடவு எந்திரமோ அறுவடை எந்திரமோ விலைக்கு வாங்குதல் கடனுக்கே வழி. வேளாண்மைப் பொறியியல் துறை எந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றது. 2018-இல் வெளியான 'உழவன்' செயலியின் வாயிலாகவும் அவற்றைப் பதியலாம். ஆயினும், நடவும் அறுப்பும் ஊரெங்கும் ஒரே காலத்தில் வருதலின், தனியொருவர் அழைக்கும்போது எந்திரம் வேறூரில் இருக்கும். அடுத்தடுத்த நிலத்தார் நாள்குறித்துக் கூடி அழைப்பின், ஒரே வரவில் பல வயல் முடியும். ட்ரோனும் அத்தகையதே. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 15,000-க்கு அதனை வழங்கும் திட்டத்தை நடுவணரசு 2023-இல் ஏற்றது. பத்து லிட்டர் மருந்தை ஏந்தி, ஓர் ஏக்கரைச் சில மணித்துளிகளிற் சுற்றிவரும் அதன் விரைவு வியக்கத்தக்கது. காற்று வீசின் மருந்து வரப்பைக் கடந்து அயலார் கீரைப்பாத்தியிலும் விழும் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

கூலியாட்களை இவ்விடத்து மறத்தல் ஆகாது. நடவும் களையெடுப்பும் மகளிர்க்கு நெடுங்காலம் கூலி தந்த தொழில்கள். உருளும் களைக்கருவி பெரும்பாலும் ஆடவர் கைக்கே சென்றது. மகளிர்க்கு அக்கருவியைப் பழக்கி, அதற்குரிய உயர்ந்த கூலியையும் கொடுத்தாலொழிய, உழவர் பெறும் ஆதாயம் அவர்தம் இழப்பாகவே முடியும்.

தோட்டக்கால் நிலத்துக்கு இத்தடைகள் சில இல்லை என்பது உண்மையே. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகைக்குச் சொட்டுநீர் மிகப் பொருந்தும். சிறு, குறு உழவர்க்கு அதன் செலவு முழுவதையும் மானியமாகத் தரும் திட்டமும் உண்டு. தன் கிணறு, தன் தோட்டம்; பிறரைக் கேட்க வேண்டுவதில்லை. ஆயினும் மிஞ்சிய நீரைக் கிணற்றிலேயே விடாது, இன்னும் அரை ஏக்கர் செடி நடுவார் பலர். அப்போது கீழேயுள்ள பொதுநீர் பழையபடியே குறையும்.

ஒருங்கு கூடுதல் உழவர்க்குப் புதிதன்று. ஏரியூர்களில் மடைதிறந்து, அளவறிந்து வயல்தோறும் நீர்விட நீர்பாய்ச்சி என ஒருவரை அமர்த்தி, அறுவடையில் அவர்க்கு நெல் அளந்த வழக்கம் பழமையானது. பாசன மேலாண்மையில் உழவர் சங்கங்களுக்கு இடமளிக்கும் சட்டமும் 2000-இல் இயற்றப்பட்டது. ஒரு சங்கம் ஒரு மடையை மட்டும் தெரிந்துகொண்டு, ஒரே வாரத்தில் நாற்றுவிட்டு, வயலோரமாகச் சிறு வாய்க்கால் ஒன்றும் வெட்டினால், மேலே கூறிய முதியவரின் முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிடும். நீர்மட்டம் அறியத் துளையிட்ட குழாய்த்துண்டு ஒன்றை மண்ணிற் புதைத்தல் போதும். அதனுள் நீர் வயல்மட்டத்திற்குப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே இறங்கும்போது பாய்ச்சினால் பயிர் வாடாது. அதன் விலையும் அற்பம். இரண்டாம் வினாவுக்கு, முறைநாள் தவறாது நீர்விடுவோம் என்னும் உறுதியைப் பொதுப்பணியாளரே தருதல் வேண்டும். யானைமலையின் அருகே 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி ஒன்று இருக்கின்றது. அங்குப் பயிலும் மாணவருடன் எம் வகுப்பினரும் சென்று, அடுத்த செப்டம்பரில் கள்ளந்திரிக்கு அப்பால் நீர் திறக்கப்படின், இசைவுள்ள ஒரு மடையில் வயல்தோறும் அக்குழாய்களைப் புதைத்து, நாடோறும் அளவு குறித்துத் தர அணியமாயிருக்கின்றோம்.