ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும் இன்சுலின்

"எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, ஆகவே ஊசி வேண்டாம், மாத்திரையே போதும்" என்று கூறும் நோயாளிகள் பலர். மாத்திரையால் சர்க்கரை கட்டுப்படாத நிலையிலும் இக்காரணத்தால் இன்சுலினைத் தள்ளிப்போடுவோர் உண்டு. அதற்குள் கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவை பாதிக்கப்படுகின்றன. ஃப்ரிட்ஜ் இல்லாமை இன்சுலினை மறுப்பதற்குப் போதிய காரணம் அன்று. அதனைப் பாதுகாக்கும் முறையையும் பிழையின்றிப் போட்டுக்கொள்ளும் முறையையும் நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருந்தால் போதும்.

வெப்பம் ஏன் பகை?

இன்சுலின் ஒரு புரதம். வாய்வழி உட்கொண்டால் உணவைப் போலச் செரித்துவிடும். ஆதலால் ஊசியாகப் போடுகிறோம். முட்டையின் வெண்கரு சூட்டில் இறுகுவதைப் போல, மிகுந்த வெப்பத்தில் இன்சுலினும் தன் அமைப்பை இழக்கும். உறைந்துபோனாலும் அவ்வாறே கெடும். உறைந்து மீண்டும் உருகிய மருந்து பார்வைக்கு நன்றாக இருப்பினும் பயன்படுத்தலாகாது.

திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டிலோ நடுத்தட்டிலோ வைக்கவேண்டும். உறைபெட்டியிலும் அதனையொட்டியும் வைக்கக்கூடாது. திறந்து பயன்படுத்தும் குப்பியை வெளியிலேயே வைக்கலாம். பெரும்பாலான வகைகளை 28 நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதிவைப்பது நல்லது. 10 மில்லி கொண்ட 40 யூனிட் வகைக் குப்பியில் மொத்தம் 400 யூனிட் உள்ளது. நாளொன்றுக்கு 30 யூனிட் போடுபவருக்கு அது ஏறத்தாழ 13 நாட்களில் தீர்ந்துவிடும். 10 யூனிட் மட்டுமே போடுபவருக்கு 28 நாட்களுக்குப் பின்னும் மீதமிருக்கும். அந்த மீதத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

மண்பானை தரும் குளிர்ச்சி

பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் இதனை விளக்குவது எளிது. மெருகேற்றிய பீங்கான் சாடியில் நீர் கசிவதில்லை; ஆதலால் அது குளிர்வதுமில்லை. மெருகிடாத மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. இன்சுலினுக்கு வேண்டியது மண்பானையே.

அகன்ற மண்சட்டியில் ஈரமணலை நிரப்பி, நடுவில் சிறிய மண்கலயம் ஒன்றைப் பதிக்கவும். குப்பியை நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கலயத்தினுள் வைத்து, ஈரத்துணியால் மூடவும். காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, நாள்தோறும் இருவேளை மணலை நனைக்கவும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் குளிர்ச்சி சற்றுக் குறையும்.

கென்யாவின் டகஹலே அகதிகள் முகாமில் நிலவும் வெப்பநிலையை ஆராய்ந்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021ஆம் ஆண்டு ஆய்வு முடிவொன்றை வெளியிட்டன. 25 முதல் 37 டிகிரிக்கு இடையே ஏறியிறங்கும் வெப்பத்தில் நான்கு வாரங்கள் வைக்கப்பட்ட இன்சுலின், குளிரில் வைத்ததற்கு நிகராகவே வீரியம் குன்றாமல் இருந்தது. ஆனால் நம் அக்கினி நட்சத்திர நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. ஆகவே அடுப்பங்கரை, வெயில் விழும் சன்னல், இருசக்கர வண்டியின் பெட்டி, சூளையை ஒட்டிய இடம் ஆகியவற்றில் இன்சுலினை வைக்கலாகாது.

குப்பியும் சிரிஞ்சும் பொருந்த வேண்டும்

இந்தியாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலினும், 100 யூனிட் கொண்ட இன்சுலினும் புழக்கத்தில் உள்ளன. 40 வகைக்குச் சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சு; 100 வகைக்கு ஆரஞ்சு மூடியுள்ள சிரிஞ்சு. 100 வகை மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உடலில் சேர்வது 50 யூனிட், உயிருக்கே ஆபத்தாகும். 40 வகை மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 8 யூனிட் மட்டுமே சேரும், சர்க்கரை குறையாது. கடையில் வாங்கும்போதும், ஊசி போடும்போதும் குப்பியிலும் சிரிஞ்சிலும் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கவும்.

போட்டுக்கொள்ளும் முறை

கலங்கலாக இருக்கும் வகை இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே 10 முறை உருட்டி, 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தவும், குலுக்க வேண்டாம். கட்டிகள் தென்பட்டால் எறிந்துவிடவும். தெளிவாக இருக்கவேண்டிய வகை கலங்கியிருந்தாலும் அவ்வாறே செய்க. தொப்புளிலிருந்து இரு விரற்கடை தள்ளி வயிற்றிலும், தொடையின் வெளிப்புறத்திலும் போடலாம். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புத் தடிப்பு உண்டாகி, மருந்து சீராகச் சேராது. ஆதலால் ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடையாவது இடம் மாற்றவும். ஒருவரின் சிரிஞ்சையோ பேனாவையோ, ஊசிமுனையை மாற்றினாலும், மற்றவர் பயன்படுத்தக்கூடாது. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான மூடியுள்ள டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படைக்கவும். குப்பையில் வீசினால் துப்புரவுப் பணியாளரின் கையைக் குத்தும்.

தாழ்சர்க்கரை

இன்சுலின் போட்டபின் உணவைத் தவிர்ப்பதும், வெப்பத்தில் கடுமையாக உழைப்பதும் சர்க்கரையைத் தாழ்த்தும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். சூளையருகே வேலை செய்வோர் வியர்வையை வெப்பத்தால் வந்ததென்று எண்ணி இதனைக் கவனிக்கத் தவறக்கூடும். ஐயம் எழுந்தால், அல்லது அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து உடனே பருகவும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, குறைவாகவே இருந்தால் மறுபடியும் பருகவும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108ஐ அழைக்கவும். உடன் வேலை செய்வோரிடமும் இதனைச் சொல்லிவைக்கவும்.

காய்ச்சல், வாந்தி முதலிய நாட்களில் இன்சுலினைத் தாமாக நிறுத்த வேண்டாம். மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளவும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, நீங்கள் பயன்படுத்தும் குப்பி, சிரிஞ்சு இரண்டையும் எடுத்து வாருங்கள். நீங்கள் மருந்து எடுக்கும் முறையைச் செவிலியர் பார்த்து, திருத்தவேண்டியது இருப்பின் அங்கேயே கற்றுத்தருவார்.