கேக்கில் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டாலா?

வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார் என்று கேக் செய்ய சைலிட்டால் வாங்கியிருக்கிறீர்களா? நல்லதுதான். ஆனால் அதன் குணம் தெரிந்து பயன்படுத்துங்கள்.

இனிப்பில் இது கிட்டத்தட்ட சர்க்கரைக்குச் சமம்; அதே அளவு போடலாம். சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி, இதில் 2.4தான். ஆனால் சர்க்கரை போட்ட கேக் மாதிரி சிவக்காது. நிறம் வரட்டுமென்று கூடுதல் நேரம் வைத்தால் கேக் வறண்டுவிடும். ஈஸ்ட் இதை உண்ணாது. பன், ரொட்டிக்குச் சரிவராது.

குடல் இதை முழுதாக உறிஞ்சுவதில்லை. அதிகம் தின்றால் வயிறு பொருமும், பேதியாகும். முதலில் சிறு துண்டு போதும். 'சர்க்கரை போடாத கேக்தானே' என்று இஷ்டத்துக்குச் சாப்பிடாதீர்கள். அதிலுள்ள மைதாவே ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

முக்கியமாக, மிச்சத்தை நாய்க்குப் போடாதீர்கள்! அதற்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிரே போகலாம்.