ஒரே கோப்பில் ஆறு பேர்

மதுக்கரைப் பக்கம் பி.எட். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். என்.சி.டி.இ.யின் 2014 விதிகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அதில் 20 வாரம் பள்ளிகளில் பயிற்சி. இணையத்தில் சேர்ந்து வேலை செய்யப் பழகுவதற்கு அந்த 20 வாரத்தை விட நல்ல காலம் கிடையாது. புரொஜெக்டர் போட்டு விளக்குவதெல்லாம் தேர்வோடு மறந்துபோகும்.

ஒரே பாடத்தை வெவ்வேறு பள்ளிகளில் எடுக்கப்போகும் ஆறு பேருக்கு ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பைக் கொடுத்துவிடுவேன். லெசன் பிளானை அதில் சேர்ந்து எழுத வேண்டும். வகுப்பு முடிந்த அன்றே, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். பின்னக் கூட்டலில் ஒரு மாணவி குறித்தது: "1/2-உம் 1/3-உம் கூட்டினால் 2/5 என்கிறார்கள். அரையோடு இன்னொன்றைச் சேர்த்தால் அரையை விடக் குறையுமா என்று கேட்டதும் யோசித்தார்கள்." மறுநாள் வேறொரு பள்ளியில் அதே பாடம் எடுத்தவர் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினார். ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதி முடிப்பதில் இந்தப் பலன் கிடைக்காது.

முதல் நாளே சஜஷன் மோடையும் வெர்ஷன் ஹிஸ்டரியையும் காட்டிவிடுங்கள். "மேடம், நான் எழுதுனதையே காணோமுங்க" என்று யாராவது கலங்கி வருவார்கள். பழைய பதிப்பை ஒரு நிமிடத்தில் மீட்கலாம். யார் எவ்வளவு எழுதினார் என்பதும் அங்கே தெரிவதால் மதிப்பெண்ணில் நியாயம் இருக்கும்.

பாட வீடியோக்கள் உள்ள தீக்ஷா தளம் 2017-இல் வந்தது. அதற்குப் போகும் க்யூஆர் கோடு நம் பாடநூல்களில் வந்தும் சில ஆண்டுகளாகின்றன. ஸ்கேன் செய்து வீடியோ காட்ட எல்லோருக்கும் தெரியும். ஆனால் காட்டுவது வேறு, பிள்ளைகளைச் சேர்ந்து செய்ய வைப்பது வேறு. வீடியோவை நிறுத்தி, நான்கு பேர் பேசி ஒரே பதிலை எழுதும்படி கேட்கப் பயிற்சி கொடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் போனில் அனுப்பும் வீட்டுப்பாடத்துக்கு, இத்தனை மணிக்குள் என்று நேரம் குறிக்காதீர்கள். பல வீடுகளில் ஒரே போன்தான். அதுவும் அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடும். ராத்திரி வரை அவகாசம் கொடுத்து, வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குப் போகும் என் மாணவர்கள் பெற்றோரை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதை நான் அனுமதிப்பதில்லை. குழுவில் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அதனால் வரும் தொல்லை சின்னதல்ல. பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஆசிரியரின் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும் என்பதை மட்டும் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.