கணினி மாணாக்கரும் இடர்காலத் தொண்டும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே கணினிக் கல்வி பயில்வோர் தொகை பெருகிவரும் இந்நாளில், அக்கல்வியின் பயன் யாது என்னும் வினாவுக்கு உத்தியோகம் என்ற விடையே பெரும்பாலும் கூறப்படுகின்றது. அவ்விடை பிழையன்று; நிறைவுடையதுமன்று. பிறர் துயர் துடைக்கும் பணியிலே கணினி மாணாக்கர்க்கும் இடமுண்டென்பதை, எமது நாட்டிலேயே தோன்றிய முயற்சியொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் 30,000 இற்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. வடமராட்சி கிழக்கு, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகள் பட்டபாடு நம்மவர் அறிந்ததே. உதவிப் பொருள்கள் வந்து குவிந்தன. ஆனால் எந்த முகாமில் எத்தனைபேர் உளர், எவ்வூருக்கு எந்நிறுவனம் உதவுகின்றது, தாயைப் பிரிந்த பிள்ளை எங்கேயுள்ளது என்பனவற்றை ஒருங்கே அறிதற்கு வழியில்லாதிருந்தது. ஓரூருக்கு மூவர் அரிசி கொண்டுசெல்ல, அடுத்த ஊருக்கு ஒருவருஞ் செல்லாமை இத்தகைய வேளைகளில் இயல்பாக நேர்வது.

இக்குறையை நீக்கவே, சில நாள்களுக்குள் இந்நாட்டுக் கணினி வல்லுநர் பலர் ஊதியங் கருதாது கூடி ஒரு மென்பொருளை இயற்றினர். லங்கா மென்பொருள் நிறுவகம் அதற்கு நிலைக்களனாயிற்று. ‘சகன’ என்று அதற்குப் பெயரிட்டனர். வடமொழி வழிவந்த அச்சொல் நமக்குப் பொறுமையை நினைவூட்டும். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, தொண்டு நிறுவனங்களின் பதிவேடு, வேண்டிய பொருள்களின் கணக்கு ஆகியவை அதன் முக்கிய உறுப்புகள். அவசரத்தில் எழுந்த முதல் வடிவம் 2005 இல் எந்நாட்டுக்கும் பொருந்துமாறு திருத்தி எழுதப்பட்டது. பாகிஸ்தானிற் பூமி அதிர்ந்த அவ்வாண்டிலேயே அங்கும், பின்னர் பிலிப்பைன்சு, இந்தோனேசியா, பேரு, சீனா, எயிற்றி ஆகிய நாடுகளிலும் அது பயன்பட்டது.

இங்ஙனம் கடல் கடந்து செல்ல இயன்றமைக்குக் காரணம், அது திறந்த மூல மென்பொருளாயிருந்தமையே. எம்மூர்ப் பரியாரியார் சிலர் மருந்தின் செய்முறையைத் தம் மகனுக்கன்றிப் பிறர்க்கு உரையார். அதற்கு மாறாக, திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். மாணாக்கர் உட்புகும் வாயில் இதுவே. ஐக்கிய அமெரிக்காவின் காட்போட் நகரிலுள்ள திரினிற்றிக் கல்லூரி ஆசிரியர்கள் 2006 இல் தம் மாணாக்கரைச் ‘சகன’ முயற்சியில் ஈடுபடுத்தினர். அவர்கள் தொண்டர்களைப் பதிந்து வேலை பகிர்ந்தளிக்கும் பகுதியொன்றை எழுத, அது மூலமென்பொருளுடன் சேர்க்கப்பட்டது. வகுப்பறைப் பயிற்சி புள்ளியிட்டபின் குப்பைக்குச் செல்லும். இஃதோ முகாமுக்குச் சென்றது.

அவர்களாற் செய்ய இயலாததும், நம் பிள்ளைகளால் இயல்வதுமாகிய ஒன்றையும் இங்கே கூறவேண்டும். காணாமற்போனோர் என்னுஞ் சொல்லின் பாரத்தை நம்மவர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. அத்தகைய பதிவேட்டின் உயிர்நாடி பெயரே. முகாமில் ஒருவர் எழுதிய பெயரையும், உறவினர் தேடும் பெயரையும் கணினி ஒன்றென்று அறிதல் வேண்டும். பெயர்களை ஒலியால் ஒப்பிடுதற்கு ‘சவுண்டெக்சு’ என்னும் முறையொன்று அமெரிக்காவில் 1918 இற் காப்புரிமை பெற்றது. பெயரின் முதலெழுத்தை அவ்வாறே வைத்து, உயிரெழுத்துகளை நீக்கி, மெய்களை இனம்பற்றி எண்களாக்கி, மூன்றெண்ணுடன் நிறுத்துவது அதன் விதி.

இதனை நம் பெயர்களில் இட்டுப் பார்மின். ஞானம் என்னும் பெயரை ஆங்கிலத்தில் ‘ஜீ’ எழுத்தில் தொடங்குவாரும் உளர். ‘என்’ எழுத்தில் தொடங்குவாரும் உளர். முன்னது ஜீ 555 ஆகும்; பின்னது என் 550 ஆகும். ஒரே ஞானத்தைக் கணினி இருவராக்கிவிடுகின்றது. இராசையாவை ‘ஐ’ எழுத்தில் தொடங்கினால் ஐ 620. ‘ஆர்’ எழுத்தில் தொடங்கினால் ஆர் 200. மறுதலையாக, சிவஞானத்துக்கும் சிவகுமாருக்கும் வருவது எஸ் 125 என்னும் ஒரே குறி. நீண்ட பெயருக்கு மூன்றெண் போதாமையின் விளைவு இது. மேலும் குடும்பப்பெயர் யாதென்று படிவம் வினவும்; தந்தை பெயரை முன்னெழுத்தாக இடும் நாம் எதனைக் கூறுவது? தகப்பன் பெயரை ஒருவர் முன்னும் மற்றொருவர் பின்னும் எழுத, தேடல் பொய்த்துப்போகும்.

இவ்விடர்ப்பாடு காட்போட்டு மாணாக்கர்க்குத் தோன்றாது. உரும்பிராய்ப் பிள்ளைக்கோ தன் வகுப்பு இடாப்பைப் பார்த்த அளவிலே புலனாகும்.

ஆகலின், உயர்தர வகுப்பிற் கணினி பயில்வோர் நால்வர் ஐவர் கூடி, நம் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்படும் பல்வேறு வடிவங்களைத் தொகுத்தல் நல்ல தொடக்கமாகும். அதற்கு நிரலெழுதும் ஆற்றலும் உடனே வேண்டுவதில்லை. தமிழாக்கம், பிழை கண்டு அறிவித்தல், பயன்படுத்தும் முறையைத் தெளிவாக எழுதுதல் ஆகியனவும் தொண்டே. தமிழாக்கத்திலே ஆசிரியர்களும் பழைய மாணவரும் கைகொடுக்கலாம். உண்மையான இடாப்புகளை மட்டும் இவ்வேலைக்கு எடுத்தல் ஆகாது. தனித்து நிற்கும் பிள்ளையின் பெயரும் இருப்பிடமும் தீயோர் கையிற் சேர்ந்தால் விளையுங் கேட்டினைச் சொல்ல வேண்டியதில்லை. கற்பனைப் பெயர்கள் இருநூறு இருப்பின் சோதனைக்குப் போதும். ஞகர முதலாகவும் இகர முதலாகவும் வருவன அவற்றிற் பல இருத்தல் வேண்டும்.