பெயர் தெரிந்தால் பாதிப் பூட்டு திறந்த மாதிரி



குறுவை நடவு நேரம். தெருவில் ஆள் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் வந்து பக்கத்து வீட்டம்மா பெயரைச் சொல்லி விசாரிக்கிறார். "எதிர் வீடுதாங்க, நடவுக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டால்? வீடு எது, அங்கே ஆள் இல்லை என்று இரண்டு சேதியை நாமே கொடுத்துவிட்டோம்.

கம்ப்யூட்டரும் இப்படி வாய்விடும். தூரத்தில் உள்ள கம்ப்யூட்டருக்குள் நுழைய உலகம் முழுக்கப் பயன்படும் மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எச். 2016-ல் அதில் ஒரு குறை வெளிவந்தது. மிக நீளமான பாஸ்வேர்டு கொடுத்தால், உண்மையில் இருக்கும் பெயருக்குப் பதில் தாமதமாக வந்தது. இல்லாத பெயருக்குச் சீக்கிரம் வந்தது. 2018-ல் இன்னொரு குறை. வேண்டுமென்றே தப்பாக எழுதிய கோரிக்கையை அனுப்பினால், இல்லாத பெயருக்கு 'முடியாது' என்றது. இருக்கும் பெயருக்குப் பதிலே சொல்லாமல் தொடர்பைத் துண்டித்தது. இரண்டையும் அந்தந்த ஆண்டிலேயே சரிசெய்து புதிய பதிப்பு வந்தது.

இதில் என்ன நட்டம்? கணக்குப் போடுவோம். 100 பெயர், 100 பாஸ்வேர்டு என்றால் திருடன் 10,000 தடவை முயல வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால் 100 தடவை போதும்.

நம்மில் பலர் பெயரை மறைப்பதே இல்லை. பயனர் பெயர் 'அட்மின்'. பாஸ்வேர்டு, குழுவின் பெயரும் 123-ம். நம்ம சேமிப்பும் கடன் கணக்கும் அதுக்குள்ளதானே இருக்கு!

என்ன செய்யலாம்?

1. ஆளுக்கொரு பயனர் பெயர் வையுங்கள். 'அட்மின்' வேண்டாம்.

2. சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்துப் பாஸ்வேர்டு வையுங்கள். ஊர், பிள்ளை பெயர் வேண்டாம்.

3. சில தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும்படி அமைக்கச் சொல்லுங்கள். பெயர் தப்போ பாஸ்வேர்டு தப்போ, ஒரே பதில் வருகிறதா என்றும் கேளுங்கள்.

4. மென்பொருளைப் புதுப்பிக்கத் தள்ளிப்போடாதீர்கள்.

5. "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்று சொல்லி எனிடெஸ்க் மாதிரிச் செயலியைப் போடச் சொல்வார்கள். அதில் வரும் எண்ணைக் கேட்பார்கள். கொடுத்தால் உங்கள் போன் அவர்கள் கையில். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதை எச்சரித்தது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச: நமது கணக்கின் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்? கடைசியாக எப்போது மாற்றினோம்?