எந்த முயல் நம் ஊருக்கு ஏற்றது?

போர்ட் கொச்சி கடலோர ஊர். இங்கே வெயிலும் புழுக்கமும் அதிகம். முயலுக்கு வெப்பம் ஆகாது. அதற்கு நம்மைப் போல வியர்க்காது. பெரும்பாலும் காதுகள் வழியாகவே உடல் சூடு தணியும்.

அங்கோரா முயலுக்கு நீண்ட முடி உண்டு. அது இமாசலம் போன்ற குளிர்ந்த மலைப் பகுதிக்கு ஏற்றது. நமக்குக் குட்டை முடி முயலே நல்லது. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா அவ்வகை முயல்கள்.

வாங்கும்போது பாருங்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கு ஒழுகக் கூடாது.

கூண்டை நிழலில், தரைக்கு மேலே வையுங்கள். மழைச் சாரல் படக் கூடாது. புல்லும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

முயல் வாய் திறந்து மூச்சு வாங்கினால் ஆபத்து. காதுகளை ஈரத் துணியால் துடையுங்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

விடை சொல்லுங்கள்:
1. அங்கோரா முயல் நம் ஊருக்கு ஏன் ஏற்றதல்ல?
2. கூண்டை எங்கே வைக்க வேண்டும்?