திறந்த மூலம்: சொல்லும் பொருளும்

கணினி பற்றிய பேச்சில் ‘திறந்த மூலம்’ என்னும் சொல் இன்று பெரிதும் வழங்குகின்றது. விலை கொடாமல் பெறும் மென்பொருள் என்றே பலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். அது சரியன்று.

கணினியை இயக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். மனிதர் எழுதிப் படிக்கக்கூடிய அதன் வடிவம் மூலநிரல் எனப்படும். கேமரன் மலைத் தேயிலையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். கொழுந்தைக் கிள்ளி, வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தித் தரம் பிரித்த பின்னரே தூள் நம் கைக்கு வருகின்றது. அத்தூளில் தேநீர் கலக்கலாம். எந்த இலை எவ்வளவு சேர்ந்தது என்பதை அறிய இயலாது. மூலநிரல் மறைக்கப்பட்ட மென்பொருளும் இத்தகையதே.

மலைக்குச் செல்வோர் தேயிலைத் தொழிற்சாலையின் வேலைகளைக் கண்டு வரலாம். ஆயினும், காண்பது வேறு. எடுத்துக் கையாளும் உரிமை வேறு. அவ்வாறே, மூலநிரல் கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. எவரும் அதனைப் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமம் இடந்தருதல் வேண்டும். அதனை விலைக்கு விற்கவும் தடையில்லை.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, ரப்பர் மரத்தைக் கெடுக்காமல் பால் சீவும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்தார். அதனை மறைத்து வைக்காமல் தோட்டக்காரர்களிடையே பரப்பினார். பின்வந்தோர் அதனை மேலும் செம்மைப்படுத்தினர்.

மென்பொருளுக்குரிய இச்சொல்லை 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிறிஸ்டின் பீட்டர்சன் அம்மையார் முன்மொழிந்தார். முன்பு வழங்கிய ஆங்கிலச் சொல் ‘இலவசம்’, ‘சுதந்திரம்’ என இருபொருள் தந்து குழப்பியதே காரணம். நம் அரசாங்கமும் 2004ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தைத் தொடங்கியது.

இதனால் நமக்கு விளையும் பயன் யாது? மூலம் மூடப்பட்ட மென்பொருளில் தமிழ் இல்லையெனில், அதனை உருவாக்கிய நிறுவனம் மனம் வைக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். திறந்த மூலத்திலோ நாமே தமிழைச் சேர்க்கலாம். கடிதமும் கணக்கும் எழுத உதவும் ‘லிப்ரே ஆபீஸ்’ மென்பொருளின் கட்டளைச் சொற்களைத் தன்னார்வலர்களே தமிழாக்கினர். இப்பணிக்கு நிரல் எழுதும் பயிற்சி தேவையில்லை. நல்ல தமிழறிவே போதும்.

ஆகவே, ஒரு மென்பொருளைப் பெறும்போது விலையை மட்டும் கேளாமல், அதன் உரிமம் என்ன சொல்கின்றது என்பதையும் நம் இளைஞர்கள் படித்தறிதல் வேண்டும். திருத்தும் உரிமை இருக்குமாயின், அங்கே நம் மொழிக்கும் இடமுண்டு.